மதத் தொடர்பு உண்டா, இல்லையா? ஒரு சொல்லில் பதில் தரவும்

பெட்டிக்குள் என்ன தெரிகிறது என்று சொல்வது என் தொழில். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டு என் உயிரை வாங்குவது மற்ற எல்லோருடைய தொழில்.

தடுப்பூசி எதற்கு என்று வீடு வீடாக விளக்கும் செவிலியர்களே, மண் பரிசோதனைத் தாளை விளக்கும் வேளாண் அலுவலர்களே, பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையின் மார்க்கை விளக்கும் ஆசிரியர்களே, நீங்கள் எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள். நான் புதுச்சேரியின் கிராமக் கொம்யூன் பஞ்சாயத்துகளில் பள்ளி பள்ளியாகப் போகும் ஓர் அறிவியல் வண்டியில் விளக்குநர். பதினோரு வருடம் ஆகிறது. வண்டியில் ஒரு தொலைநோக்கி, கொஞ்சம் காந்தம், ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு, இவற்றோடு ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. மீன் தொட்டி அளவுதான். அடியில் கறுப்புத் தகடு, தகட்டுக்குக் கீழே உலர்பனி என்கிற டிரை ஐஸ், மேலே ஸ்பிரிட்டில் நனைத்த கம்பளித் துணி. கால் மணி நேரத்தில் உள்ளே மெல்லிய மூட்டம் கட்டும். பிறகு வெள்ளைக் கோடுகள் தோன்றித் தோன்றி மறையும், ஜெட் விமானம் போன பிறகு வானத்தில் நிற்கும் கோடு மாதிரி. ஒவ்வொரு கோடும் ஒரு துகள் போன தடம். பெரும்பாலும் வானத்திலிருந்து வருபவை. கூரையைத் துளைத்து, நம்மைத் துளைத்து, தரைக்குள் போய்க்கொண்டே இருக்கின்றன. உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஒன்று வீதம் அதன் வழியாகப் போகும். பூமிக்கடியில் வளையம் தோண்டித் துகள்களை மோதவிடும் ஐரோப்பியர்கள் பெரிய பெரிய கருவிகளால் பார்க்கிறார்களே, அந்தக் கருவிகளின் பழைய, எளிய வடிவம் இது.

போன ஆவணியில் இந்தப் பெட்டி மேல் மூன்று புகார் போயின. மேலதிகாரியிடமிருந்து எனக்கு ஒரு மெமோ வந்தது. “தங்கள் பொறுப்பில் உள்ள துகள் பரிசோதனைக்கு மதத் தொடர்பு உண்டா, இல்லையா? ஒரு சொல்லில் பதில் தரவும். பதில் வரும்வரை மேற்படி பெட்டியை வெளியே எடுக்கக் கூடாது.” பெட்டி பீரோவுக்குள் போய்விட்டது, சாவி அதிகாரியின் மேஜைக்குப் போய்விட்டது. உண்டு என்று எழுதினால், அரசு வண்டியில் மதம் பரப்புகிறேன் என்ற முதல் புகார் உண்மையாகிவிடும். இல்லை என்று எழுதினால், பிள்ளைகளிடம் கடவுள் இல்லை என்று சொல்கிறேன் என்ற இரண்டாவது புகார் உண்மையாகிவிடும். எதை எழுதினாலும் பெட்டி வெளியே வராது, வண்டியில் எலும்புக்கூடுதான் மிஞ்சும். இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கோபம் அங்கங்கே எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முகூர்த்த நாளில் இயற்பியல் கிடையாது

பெட்டிக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று உலர்பனி, இன்னொன்று இருட்டு. உலர்பனியை எனக்குத் தருபவர் வில்லியனூரில் கல்யாண மேடை அலங்காரம் செய்யும் பாபு. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு நடந்து வரும்போது காலடியில் வெள்ளையாகப் புகை எழும்புகிறதே, அதற்கு அவர் வாங்கி வைப்பதில் எனக்கும் ஒரு தெர்மாகோல் பெட்டி நிறையக் கொடுப்பார். அதனால் முகூர்த்த நாள்களில் எங்கள் கொம்யூன்களில் துகள் இயற்பியல் நடக்காது. வைகாசி முழுவதும் நான் எலும்புக்கூட்டை வைத்துத்தான் ஓட்டுகிறேன். இதை ஆண்டறிக்கையில் எழுதினால் மேலே இருப்பவர்கள் நான் கிண்டல் செய்வதாக நினைக்கிறார்கள்.

ஒருநாள் பாபு அந்தப் பனி எனக்கு எதற்கு என்று கேட்டார். விளக்கினேன். மேடைப் புகையில் சாமி படம் வைத்தால் எப்படி இருக்கும் என்ற யோசனையில் இருந்தவர், நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டே சொன்னார்: “பொண்ணு மாப்ள வரசொல்ல இந்தப் பொகைய வுட்டா சொர்க்கம் மாரி இருக்குதுன்றாங்க. நீங்க வுட்டா சயின்ஸுன்றீங்க. ரெண்டுத்துக்கும் ஐஸு நாந்தான மேடம் தரேன்.”

அருள் பெற வாரீர்

திருக்கனூரில் ஒரு கண்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். பள்ளியும் வியாபாரிகளும் சேர்ந்து நடத்தியது. நெல் வியாபாரம் செய்யும் ஒருவர் விழாக்குழுத் தலைவர். போய் இறங்கினால் வாசலில் பத்தடிக்குப் பிளெக்ஸ். அதில் பிள்ளையார், முருகன், நடுவில் என் பெட்டியின் புகைப்படம். கீழே, “கடவுள் துகளை நேரில் கண்டு அருள் பெற வாரீர்.” எனக்கு அங்கேயே ரத்தம் கொதித்தது. கடவுள் துகள் என்ற பெயரை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, செய்தித்தாள்காரர்கள் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். துகள்களுக்கு நிறை எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்த ஒன்று அது. அது என் பெட்டியில் தெரியவும் தெரியாது. இதை அன்று நாற்பது பேரிடம் நாற்பது தடவை சொன்னேன். நாற்பது பேரும் கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அதையும் பொறுத்தேன். மதியம் தலைவர் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு நேரே பெட்டியை நோக்கி வந்தார். உள்ளே இருப்பது முழுக்க ஸ்பிரிட் ஆவி. அறை சாத்தியிருக்கிறது, அறுபது பேர் இருக்கிறார்கள். நான் பாய்ந்து தட்டைப் பிடுங்கி வெளியே மணலில் கவிழ்த்தேன். உயிர் தப்பினோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சாமி தட்டை நான் தட்டிவிட்டதாகத்தான் பேசினார்கள். அந்தப் பிளெக்ஸின் படம் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் சுற்றி, அரசு வண்டியில் மதப் பிரசாரம் என்று முதல் புகாராகப் போனது. தலைவருக்கு என் மேல் வேறு வருத்தம். “சாமிய நீங்களே கூட்டியாந்துட்டு, தீபம் காட்டக்கூடாதுன்னா எப்படிங்க?”

சொல்தாவின் சந்தேகம்

இருட்டு கிடைப்பதுதான் பெரும்பாடு. அரசுப் பள்ளிகளில் ஜன்னலுக்குக் கதவு இருந்தால் கொக்கி இருக்காது. அதனால் தலைமையாசிரியர்கள் இருட்டான இடமாகப் பார்த்துக் காட்டுவார்கள். ஒரு கிறிஸ்தவப் பங்கு கிராமத்தில் மாதா கோயில் கூடத்தையே கொடுத்தார்கள். கனமான மரக்கதவுகள், சாத்தினால் கும்மிருட்டு. கோடுகள் அன்று அவ்வளவு அழகாக வந்தன. பங்குத் தந்தையே குனிந்து நின்று பத்து நிமிடம் பார்த்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு பெரியவர் முன்வரிசையில் இருந்தார். அவருக்கு ஐரோப்பிய வளையம் பற்றித் தெரிந்திருந்தது.

“ஆண்டவர் எப்படிப் படைச்சாருன்னு பூமிய நோண்டிப் பாக்கறாங்களாமே” என்றார். அங்கே யாரும் கடவுளைத் தேடவில்லை ஐயா, துகளைத்தான் தேடுகிறார்கள் என்றேன். “அப்ப ஆண்டவர் அதுல இல்லைன்றியாம்மா?” என்றார். நானும் அன்று காலையிலிருந்து சாப்பிடவில்லை. “இந்தப் பெட்டிக்குள்ள இல்லைங்க” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அது இரண்டாவது புகாராகப் போனபோது, பிள்ளைகள் முன்னிலையில் கடவுள் இல்லை என்று போதித்தார் என்று வளர்ந்திருந்தது. பங்குத் தந்தை என்னைப் போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர், எனக்காகப் பேசியிருப்பார் என்று நினைத்தேன். “புகார எழுதிட்டு, பிழை திருத்தித் தரச் சொல்லி என்கிட்டதாம்மா கொண்டு வந்தாரு. திருத்திக் குடுத்தேன். வேற என்ன செய்ய?”

போனில் வந்த சிலை

எங்கள் விளக்குநர்கள் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருமுறை ஒரு படம் வரும். அந்த ஐரோப்பிய ஆய்வுக்கூட வளாகத்தில் நிற்கும் நடராஜர் சிலை. கீழே, விஞ்ஞானிகள் அவரை வணங்கிவிட்டுத்தான் சோதனையைத் தொடங்குகிறார்கள், நம் முன்னோர் அன்றே அறிந்தது என்று எழுதியிருக்கும். சிலை நிற்பது உண்மை. நம் நாட்டிலிருந்து அன்பளிப்பாகப் போனது. அழகான சிலை. ஆனால் யாராவது கும்பிட்டுவிட்டுச் சுவிட்சைப் போடுகிறார்களா? சாப்பிடப் போகிறவர்கள் அதைத் தாண்டிப் போவார்கள், அவ்வளவுதான். என் பக்கத்தில் இருந்து பார்த்தால் இது அந்தச் சிலைக்கும் அவமரியாதை. இரண்டாயிரம் வருடம் ஆடியவருக்கு வெளிநாட்டுக்காரன் சான்றிதழ் எதற்கு?

இதையே குழுவில் எழுதினேன். கணக்கு விளக்கும் சக ஊழியர் ஒருவர், பதினைந்து வருட நண்பர், மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார். “நாங்க அனுப்பறத எல்லாம் நீங்க சந்தேகப்பட்டீங்கன்னா, உங்க பெட்டிய மட்டும் நாங்க ஏன் மேடம் நம்பணும்?”

எதிர்ப்பக்கத்துப் பக்தர்

நடுநிலைக்காக இதையும் சொல்லிவிட வேண்டும். பாகூரில் ஒரு தையல்காரர் இருக்கிறார், சாமி கும்பிடாதவர். பெட்டியைப் பார்த்ததும் கண் மின்னியது. “இத்தோட சாமி கத முடிஞ்சிதுன்னு ஒரு வார்த்த மைக்ல சொல்லிடுங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அது இந்தப் பெட்டியின் வேலை இல்லை என்றேன். எனக்குச் சாமி உண்டா என்று நீங்களும் கேட்காதீர்கள். ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு வீட்டோடு போகிறேன். அங்கே யாரும் என்னைத் துகள் பற்றிக் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. தையல்காரர் கையை விட்டுவிட்டார். “நீங்களும் பயந்தாங்கொள்ளிதான் மேடம். கவர்மென்ட்டுல இருக்கறவங்க எல்லாம் இப்டித்தான்.”

நல்ல இருட்டு

ஊர் பெயர் வேண்டாம். பாகூர் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கூரையில் ஓட்டை, எங்கே பார்த்தாலும் வெயில் வட்டம் வட்டமாக விழுகிறது. தலைமையாசிரியை கோயில் மதிலுக்குள் இருக்கும் கல் மண்டபத்தைச் சொன்னார். தர்மகர்த்தா சந்தோஷமாக ஒத்துக்கொண்டு, திறப்பில் திரை கட்டிக் கொடுத்தார். பதினோரு வருடத்தில் அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரிசையாக நடந்து வந்தார்கள். கோயில் வாசலில் வரிசை பாதியாகக் குறைந்தது. மீதி எங்கே என்று கேட்டேன். “அவங்க வரமாட்டாங்க மேடம்” என்றார் ஓர் ஆசிரியை, பஸ் இன்று வராது என்று சொல்வது மாதிரி. விளையாட ஓடிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம், கோடு கோடாக விழுந்தது. தர்மகர்த்தா ஒவ்வொன்றுக்கும் கும்பிட்டார். நான் அவரைத் திருத்துவதில் மும்முரமாக இருந்தேன்.

முடித்துவிட்டு வெளியே வந்தால், எங்கள் வண்டியருகே அந்த மீதிப் பிள்ளைகளும் நான்கைந்து தாய்மார்களும் நிற்கிறார்கள். அதில் ஒருவர் அஞ்சலை, நடவு வேலை செய்பவர். காலில் சேறு காயக்கூட இல்லை. எட்டாவது படிக்கும் மகள் சுபா ஒரு வாரமாகப் பெட்டி பெட்டி என்று வீட்டில் பேசியிருக்கிறாள், அதைப் பார்க்க வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். ஆசிரியை வகுப்பில் சொன்னதை வைத்தே சுபா நோட்டில் பெட்டியைப் படமாக வரைந்து, பாகங்களைக் குறித்து வைத்திருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு உள்ளே வராமல் நின்றால் பிள்ளைக்கு ஆர்வம் எப்படி வளரும் என்று ஐந்து நிமிடம் பிரசங்கம் செய்தேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அஞ்சலை கடைசி வரை கேட்டார். பிறகு கோயில் வாசலைப் பார்க்காமல் சொன்னார். “உள்ள எங்களுக்கு இன்னா வேல மேடம்.”

வண்டிக்குள்

ஓட்டுநர் லூர்து அண்ணன் வில்லியனூர் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். அன்று வண்டியை எடுக்கவே இல்லை. ஜனங்களுக்கு ஆர்வம் இல்லை என்று நான் இன்னும் புலம்பிக்கொண்டிருந்தேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “மேடம், நெஜமாவே உங்களுக்கு வெளங்கலயா? காலனி ஜனத்த உள்ள வுடமாட்டாங்க. எங்க சர்ச்லயே எங்கப்பா காலத்துல நடுவுல கட்ட போட்டு ரெண்டு பக்கமா ஒக்கார வெச்சிருந்தாங்க. வாசல்ல நிக்கறவங்க மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியும்.” எனக்குத் தெரியவில்லை. வானத்திலிருந்து விழும் கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் காட்டுகிறேன் என்று பதினோரு வருடம் ஊர் ஊராகப் போனவளுக்கு, வாசலில் பாதியாகக் குறைந்த ஒரு வரிசை தெரியவில்லை. எத்தனை கோயில் மண்டபம், எத்தனை கூடம், எத்தனை நல்ல இருட்டு. அங்கெல்லாம் வாசலில் யார் நின்றார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. கடவுள் துகள் என்று சொன்னவர்கள் மேல் பட்ட கோபத்தில் நூறில் ஒரு பங்கை என் மேல் அன்றுதான் முதல்முறையாகப் பட்டேன்.

உலர்பனி இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். ஆனால் இருட்டுக்கு எங்கே போவது? லூர்து அண்ணன் இறங்கிப் போய் வண்டியின் பின்கதவைத் திறந்தார். “இத்த சாத்தினா இருட்டுதான மேடம்” என்றார். பதினோரு வருடமாக இருட்டை அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு தேடியிருக்கிறேன். எலும்புக்கூட்டை வெளியே எடுத்து மரத்தடியில் நிறுத்தினோம். பெட்டியை உள்ளே வைத்து, ஜன்னலில் தார்ப்பாய் கட்டி, ஐந்து ஐந்து பேராக ஏற்றினோம். சுபா இரண்டு தடவை வரிசையில் வந்தாள். இரண்டாவது தடவை தன் படத்தில் விட்டுப்போயிருந்த ஒரு பாகத்தைக் குறித்துக்கொண்டாள்.

அஞ்சலை கடைசியாக ஏறினார். ஒரு கோடு, இன்னொரு கோடு, பிறகு குறுக்கே நீளமாக ஒன்று. “கோயிலுக்குள்ள வுழுந்தது இதானா, வேறயா?” என்றார். இதேதாம்மா, அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான் என்றேன். “சாமி இருக்கற எடத்துலயும் இதேவா?” அங்கேயும் என்றேன். “எங்க வூட்டு மேல? கொறைச்சலா வுழுமா?” குறையாது, ஒரே அளவுதான் என்றேன். கண்ணாடிக்கு மேல் உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். கையில் ஒன்றும் தெரியாது, அவருக்கும் அது தெரியும். ஆனாலும் பிடித்தபடியே நின்றார். “அப்ப இதுக்கு மட்டும் எது எந்தத் தெருன்னு யாரும் சொல்லித் தரல போலருக்குது மேடம்.”

மூன்றாவது புகார்

அது மூன்றே நாளில் வந்தது. தர்மகர்த்தாவும் இன்னும் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கோயில் மண்டபத்தில் வைத்துப் பக்தர்கள் தரிசித்த பொருளை அதே நாளில் தெருவில் வைத்துக் கண்டவர்களுக்கும் காட்டியது ஊர் மனதைப் புண்படுத்திவிட்டதாம். தரிசித்த பொருளாம். தகடு, கம்பளித் துணி, பாபு கல்யாணத்துக்கு வாங்கிய ஐஸ். இரண்டு மணி நேரம் உள்ளே இருந்ததால் அது சாமியாகிவிட்டது. எட்டு வருடமாகத் தினமும் அந்த ஊர்ப் பள்ளியில் படிக்கும் சுபா மட்டும் இன்னும் வாசலைத் தாண்டக்கூடியவளாக ஆகவில்லை. நான் அந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் இரண்டு புகாருக்கு எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் வந்தன. இதற்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றையும் ஒன்றாகக் கட்டித்தான் மேலதிகாரி அந்த மெமோவை அனுப்பினார். மடுகரைப் பள்ளிக்கு அடுத்த வாரம் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். உண்டு என்று ஒரு தாளில் எழுதினேன், கிழித்தேன். இல்லை என்று எழுதினேன், கிழித்தேன். இரண்டாவது தாளைக் கிழிக்கும்போதுதான் புரிந்தது, அவர்கள் கேள்வியைத் துகளிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்கிறார்கள். கடைசியில் மூன்று வரி எழுதினேன். “துகளுக்கு மதத் தொடர்பு இல்லை. அதைக் காட்ட நான் தேர்ந்தெடுத்த இடத்துக்கு இருந்தது, அது என் தவறு. இனி எல்லா ஊரிலும், எல்லோருக்கும், வண்டிக்குள் வைத்தே காட்டப்படும்.”

அதிகாரி என்னை நிற்கவைத்தே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன், சொல்ல வேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து பீரோ சாவியை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். “ஒரு சொல் கேட்டேன், மூணு வரி எழுதியிருக்கீங்க. மூணாவது வரிய மட்டும் மேல அனுப்பறேன். முதல் ரெண்டையும் நான் படிக்கல, நீங்களும் எழுதல.”

பேருந்து நிறுத்தம்

மடுகரையை முடித்துவிட்டு முதலில் சுபாவின் ஊருக்குத்தான் போனோம். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் பேருந்து நிறுத்தம் இருக்கிறது, பஸ்ஸுக்காக எல்லோரும் அங்கேதான் நின்றாக வேண்டும். லூர்து அண்ணன் வண்டியை அங்கேயே போட்டார். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சுபாவும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் முதலில் வந்தார்கள். பிறகு பஸ்ஸுக்கு நின்றவர்கள், வெயில் தாங்காமல் ஒவ்வொருவராக. வரிசை நீண்டபோது பார்த்தால், அஞ்சலைக்குப் பின்னால் தர்மகர்த்தாவின் மனைவி நிற்கிறார். முந்த வழியில்லை, வண்டிக்கு ஒரு கதவுதான்.

தர்மகர்த்தா எதிரே டீக்கடை நிழலில் நின்றிருந்தார். மனைவி ஏறி இறங்கியதைப் பார்த்தார். நான் போய்க் கூப்பிட்டேன், உண்மையாகவே கூப்பிட்டேன், குத்திக்காட்ட இல்லை. அன்று மண்டபத்தில் அவர் கும்பிட்ட அதே கோடுகள்தான், நின்ற இடத்திலும் அவர் வழியாகப் போய்க்கொண்டுதான் இருந்தன. அவர் வரிசையைப் பார்த்தார், அதில் யார் பின்னால் நிற்க வேண்டியிருக்கும் என்று பார்த்தார், டீ டம்ளரைக் கீழே வைத்தார். “அதுக்குள்ள எனக்கு இன்னா வேலம்மா.”

ஆகவே, சக விளக்குநர்களே, துகளுக்குள் கடவுள் இருக்கிறாரா என்று கேட்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் உண்டு என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை, வரிசையில் கடைசியாக நிற்பவரைக் காட்டி அவருக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்கிறேன், பாதிப் பேருக்கு அதோடு சந்தேகம் தீர்ந்துபோய்விடுகிறது.